எட்டாம் நம்பர் கால்

என் அப்பா இன்னொருவரின் காலைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கால் என்னுடையதாக இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு செருப்புக்கடை. உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு நீள பெஞ்சு. அதில் என் அத்தை மகன் உட்கார்ந்திருந்தான். எனக்கு மச்சான் முறை, வயது பத்தொன்பது. அப்பா தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, மச்சானின் வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த சாக்ஸை மடிப்பு விழாமல் இழுத்து மாட்டிவிட்டார். மச்சான் நெளிந்தான்.

"மாமா, நானே போட்டுக்கிறேன். விடுங்க மாமா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்துட்டுப் போறாங்க. சும்மா இரு மாப்ள. ஒரு மடிப்பு விழுந்தாப் போதும், அங்க அது கொப்புளம்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் காலிலும் ஷூ இருந்தது. புத்தம் புதிய வெள்ளை ஷூ, பக்கவாட்டில் நீலக் கோடு. அதற்குள் என் விரல்கள் ஐந்தும் மடங்கிக் கிடந்தன. அதை யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா வளைகுடாவில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். அப்பா என்றால் எனக்கு வெள்ளிக்கிழமை போனில் வரும் ஒரு குரல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் இருக்கும் நாற்பது நாள். அந்த நாற்பது நாளை நான் ஒருவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மாவுக்குக்கூடப் பங்கு கொடுக்க மனமில்லை. அப்படியிருக்க அந்தத் தடவை அப்பா வந்து இறங்கியது மச்சானுக்காக. அத்தை வீட்டுக்காரர் மச்சான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். மச்சான் கட்டுமாவடியில் மீன் பெட்டி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குத் தன் கம்பெனியிலேயே விசா எடுத்திருந்தார் அப்பா. திரும்பிப் போகும்போது கையோடு கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

என் வெள்ளை ஷூவின் கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கால் அளவு அனுப்ப ஒரு வழி உண்டு. பிள்ளையைத் தரையில் நிற்க வைத்து, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை வைத்து ஒடித்து, வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகிறவர் கையில் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அங்கே கடையில் அந்தக் குச்சியை ஷூவுக்குள் விட்டுப் பார்த்து வாங்குவார்கள். அம்மாவும் என் காலை அப்படித்தான் ஒடித்து அனுப்பினாள். அனுப்பியது போன வருடம். குச்சி அப்படியே இருந்தது, நான்தான் வளர்ந்துவிட்டேன்.

அப்பா பெட்டியைத் திறந்து ஷூவை நீட்டியபோது தெருவே நின்றிருந்தது. காலைத் திணித்தேன். "சரியா இருக்காப்பா?" என்றார். இல்லையென்றால் அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் அந்த முகத்தோடு பழகியதில்லை. "இருக்குப்பா" என்றேன். அவ்வளவுதான், என் கால் விவகாரம் அத்தோடு முடிந்துபோனது.

மச்சானின் கால் விவகாரமோ அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது. பூட்ஸை ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பழகிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. கம்பெனி கொடுப்பது எல்லாக் காலுக்கும் ஒரே தகரம், அங்கே போய் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்குள் கால் போய்விடும் என்றார். காலை பஸ்ஸில் அறந்தாங்கி வந்தோம். கடைக்கு நேரே போகவில்லை. சந்தை, போட்டோ ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை என்று மச்சானை வெயிலில் நடக்க விட்டார். கால் சாயங்காலம்தான் உப்பியிருக்குமாம். அங்கே நாள் முழுக்க நிற்கிற காலுக்குச் சாயங்காலத்து அளவுதான் சரியாம். நானும் கூடவே நடந்தேன். என் காலும் உப்பியது. உப்புவதற்குத்தான் உள்ளே இடமில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது எமன் மாதிரி ஒரு பூட்ஸ். "தூக்கிப் பாருங்க சார், என்னா கனம்! பத்து வருசத்துக்குக் கேரண்டி."

அப்பா தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "கனம் பாத்து வாங்க இதென்ன அம்மிக்கல்லாண்ணே? விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் இதை இவன்ல தூக்கித் தூக்கி வைக்கணும்?"

அடுத்ததை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார். அது நடுவில் மடங்கியது. விரல் மடங்குகிற இடத்தில் மடங்காமல் நடுவில் மடங்கினால் உள்ளே இருப்பது வெறும் அட்டை என்று ஒதுக்கினார். மூன்றாவதைப் பிடித்திருந்தது. அதற்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் விடுவது போல விட்டு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு தடவினார். மாட்டுக்கு ஊசி போட வருகிற டாக்டர் ஒருவர் இப்படித்தான் கையை விட்டுவிட்டு எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"உள்ள என்ன சார் தேடுறீங்க? புதையலா?"

"முடிச்சு இருக்கும், பிசிறு இருக்கும். மெத்தை எங்கயாவது தூக்கிட்டு நிக்கும். உள்ள இருக்கிறதை கையாலதாண்ணே பாக்கணும்" என்றார் அப்பா.

பிறகு மச்சானின் காலை உள்ளே விடச் சொல்லி, கயிறு கட்டாமல் முன்னால் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் இறங்கியது. குத்துக்காலிட்டு உட்கார வைத்தார். கடைக்காரரின் ஸ்டூலில் ஏறி இறங்க வைத்தார். மச்சான் வெட்கத்தில் சிவந்து சிவந்து ஏறினான், இறங்கினான். அப்போதுதான் அப்பா தன் வலது செருப்பைக் கழற்றி அந்தப் பெருவிரலைக் கடைக்காரருக்குக் காட்டினார். அதில் நகம் கிடையாது.

"மொத வருசம். ஒரு நம்பர் சின்னதைக் குடுத்துட்டான். சொல்ல பாஷை தெரியாது. எட்டு மாசம் அதுலயே நின்னேன். ஒரு நாள் கழட்டுறேன், சாக்ஸோட நகமும் வருது. இவன் நகம் எனக்கு முழுசா வேணும்."

அந்த நகம் எங்கே என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது, "எலி தின்னுருச்சு." நானும் அதை நம்பி, தூங்கும்போது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறவனாக இருந்தேன். மச்சானுக்கு மட்டும் நிஜம். எனக்கு எலி.

அத்தோடு நிற்கவில்லை. அப்பாவும் தனக்கு அதே பூட்ஸில் ஒரு ஜோடி எடுத்தார். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் எட்டாம் நம்பர். மாமன் காலு மருமகனுக்கு அப்படியே வந்திருக்கு சார்."

அப்பாவுக்கு அதில் என்ன சந்தோஷமோ, "வராமப் போகுமா?" என்றார். பிறகு ஏதோ நான் இருப்பது ஞாபகம் வந்தது போல என்னைக் காட்டி, "இவன் அவுக அம்மா வாகு. ஒடிசலான காலு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் யாருடனும் பேசவில்லை. ஜன்னலோரம் தருகிறேன் என்றான் மச்சான். அதையும் மறுத்துவிட்டேன். என் அப்பாவின் கால் என் மச்சானுக்குப் போய்விட்டது. எனக்கு அம்மாவின் கால் கிடைத்திருக்கிறது. பத்து வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே காத்திருந்தாள். தாய்மாமன் எடுத்துக் கொடுத்தது சீர்தானே, சீர் என்றால் தட்டில் வைத்துப் பொட்டு வைத்து வாங்க வேண்டும் என்று நின்றாள். காலில் போடுவதைத் தட்டில் வைப்பதா என்று அம்மா பதறினாள். இருவரும் நடுவாசலில் நின்று வழக்காடினார்கள். கடைசியில் தட்டில் வெற்றிலை பாக்கு, தட்டுக்குப் பக்கத்தில் தரையில் பெட்டி, பெட்டியின் மூடிக்கு மட்டும் மஞ்சள் குங்குமம் என்று முடிவானது. அப்பா பெட்டியை எடுத்துக் கொடுக்க, மச்சான் காலில் விழுந்தான். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி நெற்றியில் திருநீறு பூசினார் அப்பா. நான் வெள்ளை ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன். மறுநாளிலிருந்து பழைய கறுப்புப் பள்ளிக்கூட ஷூதான். அது வளர்கிற காலுக்கென்று தாராளமாக வாங்கியது, உள்ளே தேய்ந்து அட்டை தெரியும். அதையும் யாரும் கேட்கவில்லை.

அத்தை அத்தோடு விடவில்லை. புதுத் தோல் செருப்பு கடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவுவது வழக்கம். அதே பக்குவத்தைப் பூட்ஸுக்கும் செய்துவிட்டாள். வெளியே மட்டுமில்லை, உள்ளேயும். அப்பா பார்க்கும்போது இரண்டு பூட்ஸும் தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளைகள் போல வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தன.

"ஏக்கா, இது என்ன, குளிப்பாட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறியா?"

"கடிச்சா நீயா தம்பி நடக்கப்போற? எம்புள்ளல்ல நடக்கணும்."

மறுநாளிலிருந்து நடைப்பயிற்சி. காலையும் மாலையும் எங்கள் வீட்டிலிருந்து கண்மாய்க் கரை வழியாகத் தார் ரோடு வரை போய்த் திரும்ப வேண்டும். சில நாள் அப்பாவும் தன் ஜோடியை மாட்டிக்கொண்டு கூட நடப்பார். முன்னால் இரண்டு பேரும் ஒரே மாதிரி டக் டக்கென்று போக, பின்னால் நான் வெறுங்காலோடு ஓடுவேன். ஊர் சும்மா இருக்குமா?

"யார்ரா அது, லாடம் கட்டுன மாடு ரெண்டு தப்பி வருது?"

"மாமனும் மருமகனும் மிலிட்டரிக்குப் போறாகளா? பாகிஸ்தான் இங்கிட்டு இல்லப்பா, அங்கிட்டு!"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போட்டறியாத கால் அது. ஐஸ் தண்ணீரிலும் மீன் செதிலிலும் நின்று விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஆனாலும் நடந்தான். திரும்பி வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா அவனுக்கு இரண்டு முட்டை வைப்பாள். எனக்கு ஒன்று. "மச்சான் ஊருக்குப் போறான்லடா" என்பாள். நான் எங்கும் போகாமல் இருப்பது ஒரு முட்டைக் குற்றமாக இருந்தது.

ஒரு மத்தியானம். அப்பா ஏதோ மெடிக்கல் பேப்பருக்காக வெளியே போயிருந்தார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். மச்சான் பூட்ஸை எங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கழற்றி வைத்துவிட்டுப் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனான். நான் போய் அதில் காலை விட்டேன். என் கால் அதற்குள் காணாமல் போனது. எழுந்து நின்று இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடியில் பூட்ஸ் வரவில்லை, நான் மட்டும் வந்து குப்புற விழுந்தேன்.

அப்புறம் அப்பா மாதிரி கையை உள்ளே விட்டேன். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு தடவினேன். அடியில் மெத்தென்று ஒன்று நகர்ந்தது. இழுத்தால் வந்துவிட்டது. கறுப்பாக, நுரை போல அமுங்கும் ஓர் உள்மெத்தை. அதில் மச்சானின் கால் பதிந்திருந்தது. குதிகால் ஒரு குழி, விரல்கள் ஐந்து குழி. எண்ணெயோடு வியர்வையும் சேர்ந்து அந்தத் தடம் பளபளத்தது. எட்டாம் நம்பர். அதன்மேல் என் காலை வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் மிச்சம் இருந்தது.

பிறகு நான் செய்ததை அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. சாக்பீஸ் எடுத்து என் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். அம்மாவின் தையல் கத்திரியை எடுத்து வந்து கோட்டின் மேலேயே வெட்டினேன். மச்சானின் விரல் குழிகள் துண்டு துண்டாக விழுந்தன. அவற்றைக் கருவேலம் புதருக்குள் எறிந்துவிட்டு, என் அளவுக்கு வந்ததைப் பள்ளிக்கூட ஷூவின் வலது காலுக்குள் வைத்தேன். இடதுக்கும் எடுத்திருப்பேன். அதற்குள் மச்சான் பாடிக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அதில் நடந்து போனேன். வலது கால் மேகத்தில் நடந்தது. இடது கால் வழக்கம்போல அட்டையில் நடந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

மச்சான் எதுவும் சொல்லவில்லை. பூட்ஸ் என்றால் ஒரு கால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருப்பான். நாலு நாள் நடந்தான். ஐந்தாம் நாள் நொண்டினான். அப்பா உட்கார வைத்து சாக்ஸைக் கழற்றினால், வலது குதிகாலில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

"ஏன்டா சொல்லல?"

"இல்ல மாமா. பழகப் பழகச் சரியாயிரும்னு..."

"எத்தனை நாளா?"

"நீங்க ஆசையா எடுத்துக் குடுத்தீங்க. எப்படி மாமா சொல்றது?"

அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். ஆனால் அப்போது நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. உப்புப் போட்ட வெந்நீர்ச் சட்டியோடு அப்பா மறுபடி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மறுபடி தன் தொடைமேல் வைத்துக்கொண்டதைத்தான் பார்த்தேன். பஞ்சால் ஒற்றி ஒற்றி ஊதினார். என் திட்டத்தால் மச்சானுக்குக் கிடைத்தது இது.

அத்தை ஓடிவந்தாள். கிளம்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. புண்ணோடு போனால் அந்த வெயிலில் ஆறாது, நிற்க முடியாதவனைக் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும், விசாவும் போகும் பிள்ளையும் போவான் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். யார் கண் என்று பேர் பேராகச் சொல்லித் தேடத் தொடங்கினாள். எதிர்வீடு, பக்கத்து வீடு, பஸ் ஸ்டாப் டீக்கடை. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அப்பா பூட்ஸைக் கொண்டுவரச் சொன்னார். இடது பூட்ஸுக்குள் கையை விட்டார், தடவினார், வெளியே எடுத்தார். வலது பூட்ஸுக்குள் விட்டார். கை உள்ளேயே நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது போல எனக்கு இருந்தது. அந்த நேரம் முழுக்க அவர் கண் எதையும் பார்க்காமல் வேலித் தட்டியின் மேலேயே இருந்தது.

"என்ன தம்பி? என்ன இருக்கு உள்ள?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "உள்ள இருந்த மெத்தையைக் காணோம்."

"ஐயோ, நான் ஊத்துன எண்ணெய்! எண்ணெய் அரிச்சிருச்சா? நானே எம்புள்ள காலை..."

"ஒன் எண்ணெய் ஒண்ணும் பண்ணலக்கா. எலிதான். எண்ணெய் வாசத்துக்கு வந்து இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

"எலியா?"

"ஆமா. சின்ன எலி."

அத்தை நம்பினாள். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு ஓர் எலிப்பொறி வாங்கி வந்தாள். மச்சான் நம்பினான். நானோ, அப்பா நம்பிவிட்டார் என்பதை எல்லாரையும்விட அதிகமாக நம்பினேன். உலகத்தில் எத்தனையோ எலிகள் இருக்க, சரியான நேரத்தில் ஓர் எலி வந்து என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதே என்று மனசுக்குள் அதற்கு நன்றி சொன்னேன்.

அப்பா தன் பூட்ஸைக் கொண்டுவந்து மச்சானின் முன் வைத்தார். "நான் போட்டுப் பழக்கிட்டேன். மெத்துன்னு இருக்கும். நீ இதைப் போட்டுக்க. ஒன்னோடதை நான் போட்டுக்கிறேன்."

"வேணாம் மாமா. ஒங்க காலு?"

"என் காலு காய்ச்சுப்போன காலு மாப்ள. அதுக்கு மெத்தை தெரியாது, மேடும் தெரியாது."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "அம்மா கத்திரிக்கோல் எங்கப்பா இருக்கு? எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். கத்திரியின் திருகாணிப் பக்கம் கறுப்பாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்ததை அப்போதுதான் நானே பார்த்தேன். அப்பா அதை வேட்டியில் துடைத்தார். ஒரு பழைய கம்பளித் துண்டை எடுத்து நாலாக மடித்து, தன் காலளவுக்கு வெட்டி, அந்த வலது பூட்ஸுக்குள் திணித்தார். காலை விட்டு எழுந்து நின்று இரண்டடி வைத்தார். "ம்" என்றார். அந்த "ம்" நன்றாக இருக்கிறது என்ற "ம்" இல்லை. அது எனக்கும் தெரிந்தது.

புண் ஆறியது. கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில், பள்ளிக்கூடம் புறப்பட்டு நின்ற என்னை அப்பா கூப்பிட்டார். அம்மா விளக்குமாற்றை எடுத்து வந்தாள். "ஈர்க்குச்சி வேணாம்" என்றார். தரையில் உட்கார்ந்து, "காலைக் குடு" என்றார்.

என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். எத்தனை நாளாக நான் காத்திருந்த தொடை அது. சாணால் அளந்தார். பெருவிரலை அமுக்கிப் பார்த்தார். வெள்ளை ஷூ கடித்த தழும்பு அதில் இன்னும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த வெள்ளை ஷூ சின்னதுதானே?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"ஏன்யா சொல்லல?"

அவர் என் பள்ளிக்கூட ஷூவை எடுத்தார். முதலில் இடதுக்குள் கையை விட்டார். அப்புறம் வலதுக்குள். அந்தக் கை அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெளியே எடுத்து, இரண்டு ஷூவையும் தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டு, கயிறையும் கட்டிவிட்டார்.

"வலது காலு நல்லா மெத்துன்னு இருக்கு" என்றார். "எடதுக்கும் ஒண்ணு வேணும்ல?"

தலையாட்டினேன். அன்று சாயங்காலம் மிச்சமிருந்த கம்பளித் துண்டில் ஒரு துண்டு என் இடது ஷூவுக்குள் இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பா என் காலைத் தொட்டார். கண்டுபிடிக்கவும் இல்லை. பத்து வயதில் ஒருவனுக்கு ஒரே நாளில் இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் இருவரும் டக் டக்கென்று காருக்கு நடந்தார்கள். மச்சானின் நடை சீராக இருந்தது. அப்பாவின் நடையில் வலது பக்கம் ஒரு சிறு தாமதம் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, இப்போது பாலம் கட்டும் ஓர் இடத்தில் சைட் இன்ஜினியர். போன மாதம் எனக்கென்று முதல் தடவையாக சேஃப்டி பூட்ஸ் வாங்கப் போனேன். சாயங்காலமாகப் பார்த்துப் போனேன். தடித்த சாக்ஸ் கொண்டுபோனேன். பிடித்த ஜோடியை எடுத்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டேன். விட்ட மறுநொடியே கையை வெளியே எடுத்துவிட்டு கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லை, அது நல்ல பூட்ஸ்தான். கடைக்காரர்தான் பயந்துபோய், "என்ன சார், ஏதாச்சும் குத்திருச்சா?" என்றார். எலி கடித்து இழுத்ததற்கும் ஒருவன் முழுசாக உருவி எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு கைக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? கத்திரியால் வெட்டிய விளிம்பை ஒரு விரல் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கும்? என் கைக்கே அது தெரிகிறது. அப்பாவுடையது இருபது வருடம் பூட்ஸுக்குள் போய் வந்த கை.

அந்தத் தடவை அப்பா விமானம் ஏறிப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை போன் வந்தது. அம்மாவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்டார். "காலு எப்படிய்யா இருக்கு? ஷூ கடிக்கலையே?"

"இல்லப்பா. ரெண்டு காலும் மெத்துன்னு இருக்கு."

"அது போதும்."

பக்கத்தில் அம்மா, "அப்பா காலு எப்படி இருக்குன்னு கேளுடா" என்று கிள்ளினாள். கேட்டேன்.

அப்பா சிரிக்கிற குரல் வந்தது.

"நல்லா இருக்குய்யா. இங்க எலியெல்லாம் கெடையாது."

அம்மாவிடம் திரும்பி, அப்பா கால் நன்றாக இருக்கிறதாம், அந்த ஊரில் எலியே இல்லையாம் என்று சொன்னேன். அப்படியும் ஓர் ஊர் இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.